பளபளப்பை நம்பலாமா? – பித்தளைத் தோட்டா கற்றுத் தந்த பாடம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்பு வகுப்பாக வந்த நம் பேரவைச் செயலாளர், "கவிதை மட்டும் நாற்பது வந்திருக்கு. அதுல முப்பது காதல். யாராவது டெக்னிக்கலா ஒண்ணு எழுதுங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். எனக்குக் கவிதை வராது. ஆனால் ஒரு வருடமாக மனதை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் உண்டு. அதில் மெட்டலர்ஜி பாடமும் இருக்கிறது, நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். வைவாவுக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

காணாமல் போன காலி கேஸ்

முதலாண்டில் என்.சி.சி. முகாமுக்குப் போயிருந்தேன். பாயிண்ட் 22 ரைஃபிளில் ஆளுக்கு ஐந்து ரவுண்டு. முப்பது பேர் சுட்டு முடித்தோம். காலி கேஸ்களைப் பொறுக்கி எண்ணினால் 149 தான் இருக்கிறது. ஒன்றைக் காணோம்!

"ஒண்ணுதானே சார், காலிதானே சார்" என்று ஒருவன் வாய் விட்டான். அவ்வளவுதான். முப்பது பேரும் உச்சி வெயிலில் புல்லுக்குள் தவழ்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து அது எங்கே கிடைத்தது தெரியுமா? என் பூட்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவில்! நண்பர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஹவில்தார் சார் திட்டவில்லை. அந்தச் சின்னப் பித்தளைக் குழலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, சுட்டது போகலாம், கணக்கு போகக் கூடாது. பெரிய ரைஃபிள்னா இந்தக் காலிக் கூட்டுக்கே மறுபடி உயிர் கொடுக்கலாம்" என்றார். அன்றைக்குப் பிடித்த ஆர்வம், ஊருக்கு வந்தும் விடவில்லை. கிடைத்த புத்தகத்தையெல்லாம் புரட்டினேன்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

சினிமாவில் "தோட்டா பாய்ந்தது" என்பார்கள். உண்மையில் பாய்வது முன்னால் இருக்கும் ஈயக் குண்டு மட்டும்தான். ஒரு முழுத் தோட்டாவுக்கு நான்கு பாகங்கள். குண்டு, மருந்து, மருந்தைப் பற்ற வைக்கும் பிரைமர், இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. கூட்டைத்தான் கேஸ் என்கிறோம். சுட்டவுடன் முதல் மூன்றும் செலவாகிவிடும். கேஸ் மட்டும் மிஞ்சும். நான்கில் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுதான்.

அதனால்தான் அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள் கேஸை எறிவதில்லை. பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, வீங்கிய கேஸை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி நிரப்புகிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். எல்லாக் கேஸுக்கும் இது ஒத்துவராது. நாங்கள் சுட்ட பாயிண்ட் 22-ல் தனியாகப் பிரைமரே கிடையாது. பற்றும் மருந்து அடி விளிம்புக்குள்ளேயே தடவப்பட்டிருக்கும், சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடும். ஆகவே என் பூட்ஸுக்குள் ஒளிந்திருந்த கேஸுக்கு மறுபிறவி இல்லை.

பிரைமர் தனியாக உள்ள கேஸிலும் இரண்டு ஜாதி. பாக்ஸர் முறையில் நடுவில் ஒரே துளை. ஒரு கம்பியை உள்ளே விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் கழன்று வந்துவிடும். பெர்டான் முறையில் ஓரமாக இரண்டு சிறு துளைகள். கம்பி உள்ளே நுழையாது. இதில் ஒரு வேடிக்கை: பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் பாக்ஸர் முறை நிலைத்தது அமெரிக்காவில், பெர்டான் முறை பரவியது ஐரோப்பாவில்!

ஏன் பித்தளை?

நம் மெட்டீரியல் சயன்ஸ் பாடத்தில் "கார்ட்ரிட்ஜ் பிராஸ்" என்று ஒரு வரி வரும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நாம் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோம். அந்த இரண்டு மார்க்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ரைஃபிள் சுடும் நொடியில் கேஸுக்குள் மூவாயிரம் வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம் வருகிறது. அந்த நேரத்தில் கேஸ் விரிந்து குழாயின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வாயு பின்பக்கமாகச் சுடுபவர் முகத்தில் அடிக்காது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிச் சுவரை விட்டு விலகவும் வேண்டும். இல்லையென்றால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்! இரண்டும் பித்தளைக்குக் கைவந்த கலை. அதன் எலாஸ்டிக் மாடுலஸ் எஃகினுடையதில் பாதி அளவுதான். ஆகவே அதே வலிமைக்கு அது அதிகமாக மீண்டு சுருங்கும்.

செய்யும் விதமும் அழகு. வட்டத் தகட்டை முதலில் கிண்ணமாக அழுத்துவார்கள். கிண்ணத்தைப் படிப்படியாக இழுத்து நீளக் குழலாக்குவார்கள். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பித்தளை இறுகிக் கடினமாகும். இதுதான் ஒர்க் ஹார்டனிங். சந்தேகமிருந்தால் ஒரு செம்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்துங்கள். முதலில் சுலபமாக வளையும், பிறகு முரண்டு பிடிக்கும், கடைசியில் படக்கென்று ஒடியும். பித்தளையும் அப்படித்தான். அதனால் இடையிடையே சூடேற்றி இளக்குகிறார்கள். இதுதான் அனீலிங். ஏறக்குறைய 425 முதல் 760 டிகிரி செல்சியஸ் வரை. குடம் அடிக்கும் கன்னார் நாலு அடி அடித்துவிட்டு மறுபடி உலையில் காட்டி எடுப்பாரே, அதே வேலைதான்.

வைவாவில் கேட்கும் ஒரு கேள்வியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஃகைச் சுட்டுத் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். இந்தப் பித்தளையைச் சுட்டுத் தண்ணீரில் முக்கினால்? கடினமாகாது, மெத்தென்றே இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிக்கல் முலாம் எதற்கு?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சில கேஸ்கள் மஞ்சளாக இல்லாமல் வெள்ளி மாதிரி மின்னும். வெள்ளியில்லை, பித்தளைதான். மேலே சில மைக்ரான் கனத்துக்கு நிக்கல் முலாம். நாம் லேபில் செய்த அதே எலக்ட்ரோபிளேட்டிங்.

இதன் லாபம் உண்மையானது. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் தோல் பெல்ட்டில் வரிசையாகத் தோட்டா செருகி வைத்திருந்த காலத்தில், தோல் பதனிட்ட அமிலம் பட்டுப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியது. களிம்பு ஏறிய தோட்டா அவசரத்துக்கு அறைக்குள் இறங்காது. நிக்கலுக்கு அந்தத் தொல்லை இல்லை. வழவழப்பாக இருப்பதால் சுலபமாக உள்ளே போகும், சுலபமாக வெளியே வரும். ஒரு முறை சுடுவதற்கு, அதுவும் உயிர் போகிற நேரத்தில் சுடுவதற்கு, நிக்கல் நல்லது.

ஆனால் மறுபடி மறுபடி நிரப்பும்போது கதை மாறுகிறது. நிக்கல் தோல் பித்தளையை விடக் கடினம், வளையும் குணம் குறைவு. கேஸின் வாய் ஒவ்வொரு தடவையும் விரிகிறது, சுருக்கப்படுகிறது. உள்ளேயிருக்கும் பித்தளை ஈடுகொடுத்தாலும் மேல்தோல் ஈடுகொடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும், செதிலாக உரியும். அந்தச் செதில் அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேஸைக் கீறும். தோலில் விழுந்த கீறல் அடியிலுள்ள பித்தளைக்கும் விரிசலின் தொடக்கமாகும். இன்னொரு சிக்கல், அனீலிங் செய்யும்போது வெறும் பித்தளையில் தெரியும் நிறமாற்றம் நிக்கலில் சரியாகத் தெரியாது. அதனால்தான் பலமுறை நிரப்புகிறவர்கள் மங்கலான வெறும் பித்தளையையே அதிகம் விரும்புகிறார்கள்.

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஈயம் இருக்கிறவரை புளிக்குழம்பு கெடாது. ஆனால் பாத்திரம் ஓட்டையா, விரிசலா என்று ஈயத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முலாம் மேற்பரப்பைக் காக்கும். உள்ளே இருக்கிற கோளாறை அது தீர்க்காது, சில சமயம் மறைக்கும்.

நான் போட்ட டிக் மார்க்

இதையெல்லாம் படித்தபோது ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்தது. கறிக்கு உதவவில்லை. எப்படியென்று சொல்கிறேன்.

இரண்டாமாண்டு விடுமுறையில் ஒரு சின்னப் பட்டறையில் பயிற்சிக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏ.சி. மெஷின் செம்புக் குழாய்களை இணைக்கும் பித்தளை நட்டுகள் ஸ்டோர் ரூமில் இரண்டு பெட்டிகளில் இருந்தன. ஒரு பெட்டி வெறும் பித்தளை, மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. இன்னொன்று நிக்கல் முலாம் போட்டது, கண்ணைப் பறித்தது. "பார்த்து, நல்லதைத் தனியா எடுத்து வை தம்பி" என்றார்கள். எனக்கு அன்று மந்தாரக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பத்தே நிமிடம். மங்கலானதை ஒதுக்கினேன். மின்னியதற்கு டிக் போட்டு, சீட்டை ஒட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் என்னோடு பயிற்சிக்கு வந்த நண்பன் அந்த மின்னும் நட்டு ஒன்றை ஸ்பானரால் முறுக்கினான். டப் என்று நட்டு நீளவாக்கில் பிளந்தது. ஸ்பானர் நழுவிக் கை தகட்டு விளிம்பில் போய் அடித்தது. உள்ளங்கையில் நான்கு தையல்.

"அதிகமா முறுக்கிட்டான்" என்று அங்கே எல்லோரும் அவனைத்தான் சொன்னார்கள். மூத்த ஃபிட்டர் அண்ணன் மட்டும் உடைந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இங்க பாரு, உடைஞ்ச முகத்துல முக்கால்வாசி கறுத்திருக்கு. ஓரத்துல மட்டும்தான் புதுசா மின்னுது. இது இன்னிக்கு உடைஞ்சதில்ல, எப்பவோ விரிசல் விட்டது. இவன் கைல மிச்சம் பிரிஞ்சுது" என்றார். பிறகு நான் ஒதுக்கிய மங்கல் பெட்டியிலிருந்து பத்து நட்டுகளைத் துடைத்து ஒவ்வொன்றாக முறுக்கினார். ஒன்றுகூட உடையவில்லை.

ஸ்டோர் ரூமின் பின்சுவரை ஒட்டி என்ன இருந்தது தெரியுமா? மாட்டுக் கொட்டகை. சுவரில் ஜன்னல் வேறு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்தக் கதையை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேனே!

குதிரை லாயமும் மழைக்காலமும்

வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியாவிலிருந்த பட்டாளங்கள் மழைக்காலத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தன. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களின் கழுத்தில், குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில், விரிசல். யாரும் சுடவில்லை, யாரும் தட்டவில்லை. சும்மா வைத்தது வெடித்திருக்கிறது! இதற்கு "சீசன் கிராக்கிங்" என்றே பெயர் வந்துவிட்டது.

காரணத்தை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஒரு பக்கம். இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள்ளேயே தங்கிவிட்ட இறுக்கம் மறுபக்கம். அம்மோனியா மட்டும் இருந்தால் பித்தளை நிறம் மாறும், கொஞ்சம் அரிக்கும். இறுக்கம் மட்டும் இருந்தால் பேசாமல் கிடக்கும். இரண்டும் ஈரக்காற்றில் கைகோத்தால் விரிசல். இன்று இதை ஸ்ட்ரெஸ் கரோஷன் கிராக்கிங் என்று படிக்கிறோம்.

மருந்து என்ன? அம்மோனியாவை உலகத்திலிருந்து விரட்ட முடியாது. இறுக்கத்தை விரட்டலாம். கழுத்தைச் சூடேற்றி இளக்கினார்கள். பல இராணுவங்களின் ரைஃபிள் தோட்டாவில் கழுத்தருகே நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். அழுக்கு என்று நினைக்காதீர்கள். "நான் அனீலிங் ஆனவன்" என்று அது காட்டும் அடையாள அட்டை. வேண்டுமென்றே துடைக்காமல் விடுகிறார்கள். பார்த்தீர்களா? அங்கே கறைதான் நற்சான்று. நானோ கறையைக் கழித்துவிட்டுப் பளபளப்புக்கு டிக் போட்டேன்.

"நிக்கல் முலாம் அம்மோனியாவைத் தடுக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். முழுசாக இருந்தால் தடுக்கும். ஆனால் எலக்ட்ரோபிளேட்டிங்கில் மின்சாரம் மேடான இடத்துக்கு அதிகமாகவும் பள்ளத்துக்குக் குறைவாகவும் போகும். நட்டின் மரைப் பள்ளத்தில் முலாம் மிக மெல்லியது. இறுக்கம் குவிவதும் அதே பள்ளத்தில்தான். திருடனுக்குத் திறந்த வீடு கிடைத்த மாதிரி. நட்டை 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து இறுக்கத்தைத் தளர்த்திய பிறகு முலாம் போட்டிருந்தால் இந்தப் பிளவு வந்திருக்காது. ஒரு லாட் தளர்த்தப்பட்டதா என்று பார்க்கச் சோதனை உண்டு. முன்பு மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். பாதரசம் விஷம் என்பதால் இப்போது அம்மோனியா ஆவியில் வைத்துப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

துப்பாக்கியும் தோட்டாவும் நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். நாம் இருப்பது அனல் மின் நிலையங்களின் மடியில். எங்கள் அப்பா தலைமுறைக்குச் சோறு போட்ட நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல் நிறுத்தப்பட்டது. நம்மில் பலர் டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாக நுழைய ஆசைப்படுவதும் இப்படிப்பட்ட நிலையங்களில்தான்.

எந்த அனல் மின் நிலையத்திலும் டர்பைனை விட்டு வரும் நீராவியைத் தண்ணீராக்க ஒரு கண்டென்சர் உண்டு. அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். அவற்றுக்கு நெடுங்காலம் உலகெங்கும் பயன்பட்டது அட்மிரால்டி பிராஸ். அதாவது நம் தோட்டாப் பித்தளையோடு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தது. பாய்லர் துருப்பிடிக்காமலிருக்கத் தண்ணீரில் கொஞ்சம் அம்மோனியா சேர்ப்பார்கள். அது நீராவியோடு வந்து, கண்டென்சரில் காற்றை உறிஞ்சி எடுக்கும் மூலையில் சேரும். அம்மோனியா, ஆக்ஸிஜன், ஈரம், பித்தளை, இறுக்கம். அதே குதிரை லாயம்! அந்த மூலையில் மட்டும் செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல் குழாயோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுவது அதனால்தான். கவனியுங்கள், அங்கே காப்பாற்றுவது மேலே பூசிய நிக்கல் அல்ல, உள்ளே கலந்த நிக்கல்.

ஒரு எச்சரிக்கை

ஆர்வக் கோளாறில் யாரும் காலி கேஸைத் தேடிப் போக வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும், அதைச் செய்யும் எந்திரமும் அடக்கம். உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். என்.சி.சி.யில் ஒரு காலி கேஸுக்காக முப்பது பேர் தவழ்ந்தது வீண் இல்லை என்று இப்போது புரிகிறது. இந்தத் துறைமேல் உண்மையான ஆசை இருப்பவர்களுக்கு நேர்வழி உண்டு. நம் நீலகிரியில் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாகத் துப்பாக்கி மருந்து செய்கிறது. 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. படித்து, தேர்வெழுதி, வாசல் வழியாகப் போகலாம்.

முடிவாக...

பித்தளையா, நிக்கல் முலாமா என்றால் என் பதில் இது. ஒரு தடவை வேலைக்கு, களிம்பு ஏறும் இடத்துக்கு, முலாம் நல்லது. பலமுறை விரிந்து சுருங்க வேண்டிய வேலைக்கு, பதமாக அனீலிங் ஆன வெறும் பித்தளை நல்லது. எதுவானாலும் உள்ளே இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் மேலே பார்த்து டிக் போடுவது நல்லதல்ல.

நாளைக்கு நாமெல்லாம் சூப்பர்வைசராகவும் இன்ஸ்பெக்டராகவும் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். நம் ஒரு டிக் மார்க்கை நம்பி இன்னொருவன் ஸ்பானர் பிடிப்பான். பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.

அந்த நண்பன் நம் வகுப்பில்தான் இருக்கிறான். "அதிகமா முறுக்கினவன்" என்ற பெயரை ஒரு வருடம் சுமந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முந்தின நாள் அவனைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய், சீட்டில் டிக் போட்டது நான்தான் என்று சொன்னேன். கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்தான். பிறகு, "டீ காசு நீ குடு. மலர்ல எழுதுறதா இருந்தா இதையும் சேர்த்து எழுது" என்றான்.

எழுதிவிட்டேன்.